எந்தத் தேன் கிருமியைக் கொல்லும்?

‘டப்’ என்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மதுரையில் விலங்கியல் படித்த காலம். விடுதி அலமாரியில் இருந்த மலைத்தேன் பாட்டில், ஒரு மத்தியானம், தன் தக்கையைத் தானே கழற்றி எறிந்தது. ஈரம் மிகுந்த தேன் புளித்துப் பொங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி லேப்பில், தலை நரைக்கும்வரை துணியில் கிருமி தேடினேன். என் வீட்டுக்காரர் போனபின், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு முன்னறையின் அமைதி தாங்காமல் தேன்கடை வைத்தேன். தேன் விற்பது சுலபம். வாங்க வருகிறவர் தேனைப் பற்றித் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். எதையாவது விற்றுப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாய்ப் பரிசோதனை

சோழபுரத்து வேலுச்சாமி பட்டாளத்தில் இருந்தவர். ஒரு காலில் ஷூ, மறுகாலில் துணிக்கட்டு, கையில் வெள்ளை இராஜபாளையம் நாயின் சங்கிலி. சர்க்கரை வியாதியில் கால்விரல் புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்தால் காலை எடுத்துவிடுவார்கள் என்று இவருக்குப் பயம். வீட்டுத் தேனைப் பூசிக் கட்டிப் பார்த்துவிட்டு, கிருமியைக் கொல்லும் நல்ல தேனாக வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

“அந்தப் புண்ணுக்குத் தேன் தர மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுத்தமான தேனை நாய் நக்காதாம். நாயிடம் ஒரு சொட்டு நீட்டச் சொன்னார். நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. “பாஸ்!” என்றார். உள்ளே போய்ச் சர்க்கரைப் பாகைத் தொட்டுவந்து நீட்டினேன். அதற்கும் திருப்பிக்கொண்டது. நாயின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நான் வெச்சாத் தவிர இது யாரு கையிலயும் திங்காதும்மா.”

நுரைக்குப் பயந்து

மறுநாள் அவர் மனைவி பொன்னுத்தாய், பாட்டில் அடியில் மிஞ்சிய வீட்டுத் தேனோடு வந்தாள். நல்ல தேன்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நுரைக்கிறதே என்று, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு எடுத்துவைத்த தேன்.

புரியும்படி சொல்லிப் பார்த்தேன். கெட்டித் தேனின் இனிப்பே கிருமியை உலரவைக்கும். புண்ணின் நீரில் அது கரைந்தபிறகு வேறொன்று வேலைக்கு வரும். தேனீ தன் வாயிலிருந்து தேனில் சேர்க்கும் நொதி அது. ஆஸ்பத்திரியில் புண் கழுவும்போது பொங்குமே ஒரு மருந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேனுக்குள்ளேயே உண்டாக்கும். கொதிக்கவைத்தால் நொதி போய்விடும். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “அப்ப இம்புட்டு நாளும் அந்த மனுசன் கால்ல சீனிப்பாகையா பூசிக்கிட்டிருந்தேன்?”

தட்டில் விழுந்த வட்டங்கள்

எனக்கு ஆசை விடவில்லை. மலைத்தேன், பெட்டித்தேன், கொட்டாத குட்டித் தேனீயின் கொசுத்தேன், பொன்னுத்தாயின் காய்ச்சிய தேன் நான்கையும் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பழைய லேப்பில் என்னோடு வேலை பார்த்த புஷ்பம் இன்னும் இருக்கிறாள். புண்ணில் வளரும் கிருமியைத் தட்டில் பரப்பி, சிறு குழிகள் வெட்டி, தண்ணீர் கலந்த தேனை ஒவ்வொன்றாக விட்டோம்.

அடுத்த நாள், மங்கலான தட்டில் தெளிந்த வட்டங்கள், மேகத்துக்கு நடுவே நிலா போல. கிருமி வளராத இடம் அது. பெட்டித்தேனுக்கு ஒரு வட்டம். எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் மலைத்தேனுக்கும் அதே அளவுதான். நீர்த்துப்போன, புளிப்பான கொசுத்தேனுக்குப் பெரிய வட்டம். காய்ச்சிய தேனைச் சுற்றி ஒன்றுமே இல்லை. இதே பூ, இதே காடு, அடுத்த மாதத் தேனில் வேறு மாதிரி வரலாம் என்றும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் சிறுபிள்ளைபோல் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலுச்சாமியின் கதையைக் கேட்ட புஷ்பம் தட்டை மூடினாள். “தட்டுக்குச் சர்க்கரை வியாதி கெடையாதுல்லக்கா?”

விற்காத பாட்டில்

அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும், நாயோடு, கடைக்கு வந்தார்கள். துணிக்கட்டை மீறிப் புண்ணின் வாடை வந்தது. “லேப்புல சோதிச்சியளாமே, எந்தத் தேன் ஜெயிச்சுது? அதைக் குடுங்க” என்றார். ஆஸ்பத்திரியில் கட்டும் தேனைக் கதிர்வீச்சில் சுத்தம் செய்திருப்பார்கள், என் பாட்டிலில் மண்ணிலிருந்து வந்த கிருமி வித்து ஏதாவது உறங்கிக்கொண்டிருக்கும், அதை ஆழமான புண்ணில் வைக்கக் கூடாது என்றேன்.

“தேங்கடை வெச்சுக்கிட்டுத் தேன் இல்லேங்கிறியளே, இது என்னம்மா வியாபாரம்?” என்று சத்தம் போட்டார். “அவிய நல்லதுக்குத்தான சொல்லுதாவ” என்றாள் பொன்னுத்தாய். “ஏட்டி, நீ சும்மா இரு!” என்று அவள்மேல் பாய்ந்தார். சத்தத்தில் மிரண்ட நாய் முன்னங்கால் இரண்டையும் அந்தக் கட்டின்மேல் ஊன்றி நின்றது. அத்தனை பெரிய நாய். அவர் முகம் சுளிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்.

“கீழே பாருங்க” என்றேன்.

பார்த்தார். நாயை விலக்கவில்லை. பட்டாளத்துக் குரல் எங்கோ போய்விட்டது. “வலிக்கலையே... வலிக்கவே இல்லையேம்மா.”

சர்க்கரை அந்தக் காலின் உணர்வையே தின்றுவிட்டிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தேன் விற்கத் தொடங்கியதிலிருந்து என் கடையால் ஒருவருக்கு நிச்சயமான பலன் கிடைத்தது என்றால், அது நான் பாட்டிலைத் தர மறுத்த அன்று ஒருநாள்தான். வேலுச்சாமிக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது, இப்போது ஒரு நூல் மில் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார்.