பார்பர் ஷாப் பாட்டும் எங்கள் ஊர்ப் பெயரும்

"இவ்வளவு படிச்சு, லண்டன் வரைக்கும் வந்து, கடைசியில உனக்குக் கிடைச்சது அந்தக் கடைதானோ?" என்று அம்மா கேட்டார்.

நான் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தேன். லண்டன் இல்ஃபோர்டில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் முப்பது பெண்கள் வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவார்கள். அந்த வகைக்கு ஆங்கிலத்தில் பார்பர் ஷாப் பாட்டு என்று பெயர். அங்கே யாரும் முடி வெட்டுவதில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தச் சொல்லே போதுமாயிருந்தது. அந்தச் சொல்லை விட்டுத்தான் நாங்கள் கடல் கடந்து ஓடி வந்திருந்தோம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் முடி வெட்டியவர். கடை இல்லை. வீடு வீடாகப் போய்க் கொல்லைப்புறத்தில் நின்று வெட்டுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். காலைக் கூட்டத்தில் தேவாரம் பாட வகுப்பில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். என் முறை வருகிற நாளில் எனக்கு அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். ஏன் என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. பரீட்சையில் அவர்கள் எல்லோரையும் விடக் கூடுதல் புள்ளி எடுத்தேன். அது மட்டும்தான் என் கையில் இருந்தது.

லண்டனில் குடியேறிய ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் கொழும்புக்காரர். அம்மா அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குசினித் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தம்பிக்கு முடி வெட்டுவார். வெட்டிய முடியை அம்மா பேப்பரில் சுற்றி, குப்பைப் பையின் அடியில் வைப்பார். தம்பியின் தலையைப் பார்த்து யாராவது "எங்க வெட்டினது? நல்லா இருக்கு" என்று கேட்டால் நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் வேலை செய்யும் கவுன்சில் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரிதான் என்னைக் குழுவுக்குக் கூட்டிப் போனார். ஐம்பது வயது ஆங்கிலேயப் பெண்மணி, ஆண்குரல் போல அடித்தொண்டையில் பாடுவார். எனக்குத் தந்தது பாரிட்டோன் என்ற குரல். மெட்டு ஒரு பிரிவுக்கு, மேல்சுரம் ஒரு பிரிவுக்கு, கீழ்சுரம் ஒரு பிரிவுக்கு; அந்த மூன்றும் எடுத்தது போக மிஞ்சிய சுரங்கள் எங்கள் பிரிவுக்கு. தனியே பாடினால் அது பாட்டாகவே இராது. பயம் வந்தால் நான் மெட்டுக்குத் தாவிவிடுவேன். அந்த இடத்தில் முழுப் பாட்டும் சரியும், முப்பது பேரும் நிற்பார்கள். முதல் ஆறு மாதமும் அதுதான் என் பயம்.

ஒருநாள் சரியாகப் பிடித்தேன். குரலுக்கு ஒருத்தியாக நாங்கள் நால்வர் மட்டும் பாடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. நாலு சுரமும் பிசகாமல் சேர்ந்தால் அப்படி ஒன்று தானாக எழும் என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தார். அதற்குப் பிறகு என்னால் விட முடியவில்லை.

பிறகு எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இல்ஃபோர்ட், கணக்காளர். அவருடைய தாய் ஆர்ச்வே முருகன் கோயிலில் என்னைப் பார்க்க வந்தார். பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றோம்.

"பிள்ளை ஊரில எவடம்?"

"கொழும்பு, அன்ரி."

"கொழும்பெண்டாலும் அடி எவடம்?"

பூர்வீகத்தைத் தோண்டும் இந்தக் கேள்வி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமானது. ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தக் குறிச்சி என்பார்கள். குறிச்சியைச் சொன்னால் யாருடைய பிள்ளை என்பார்கள். மூன்றாவது கேள்வியோடு எல்லாம் தெரிந்துவிடும். அம்மா உடனே குறுக்கே வந்தார்.

"நாங்கள் கனகாலம் கொழும்பிலதானே, ஊரோட தொடர்பில்லை."

"சரி, பின்னேரங்களில பிள்ளை என்ன செய்யிறவ?"

"பாடப் போறனான்," என்றேன்.

"தேவாரமோ?"

"ஓம், தேவாரம்," என்றார் அம்மா. என் முழங்கையில் அவர் நகம் பதிந்திருந்தது.

அந்த மாதமே குழுவின் ஆண்டுவிழா மலருக்கு, எங்கள் பகுதியில் இந்தப் பாட்டு வளர்ந்த வரலாற்றை எழுதும்படி என்னைக் கேட்டார்கள். அலுவலகத்தில் நல்ல கடிதம் எழுதுபவள் நான்தான் என்று பக்கத்து மேசைக்காரி சொல்லிவிட்டார். பெருமையில் சம்மதித்துவிட்டேன். மலரை உள்ளூர்ப் பத்திரிகைக்கும் அனுப்புவார்கள், எழுதியவரின் பெயரும் படமும் போடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பத்திரிகை நாங்கள் சாமான் வாங்கும் தமிழ்க் கடையிலும் கிடக்கும்.

பழைய அங்கத்தவர்களிடம் கேட்டு எழுதினேன். அமெரிக்காவுக்கு வேலையாகப் போன ஒருவர் இசைத்தட்டும் கோடுபோட்ட சட்டையுமாகத் திரும்பி வந்து ஆண்களுக்கு ஒரு குழு தொடங்கினாராம். மனைவிமார் மண்டபத்துக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சேர்ந்து பாடினார்களாம். ஆண்கள் அந்தச் சத்தம் தாங்காமல் குசினிக் கதவைச் சாத்தினார்களாம். "நாங்க கதவைத் திறக்கேல்ல. வேற மண்டபம் பிடிச்சம்," என்று சொல்லிச் சிரித்தார் ஒரு கிழவி. நான் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். மனதுக்குள் அது எங்கள் தமிழில்தான் கேட்டது.

அதற்கு முன்னால் என்ன என்று நூலகத்தில் தேடினேன். அமெரிக்காவில் வெள்ளையரின் மண்டபங்களுக்குள் விடப்படாத கறுப்பின ஆண்கள், தங்கள் ஆட்களின் முடிவெட்டும் கடைகளில் முறைக்குக் காத்திருந்த நேரத்தில் பாடிப் பாடி உண்டாக்கிய பாட்டு இது. பின்னர் வெள்ளையர் இதற்குச் சங்கம் வைத்தபோது அவர்களையே சேர்க்கவில்லை. எங்கள் குழுவின் பழைய மலர்கள் ஒன்றிலும் இது இல்லை. நூலகத்தில் தமிழர் யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி வாசித்தேன்.

அதை எழுதினேன். எழுதிய கையோடு, என்னைப் பற்றிக் கேட்ட இரண்டு வரியில், என் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் செய்தவர் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளை நான்கு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பஸ்ஸில் தமிழ் கேட்டால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். அது என் தொழில் இல்லை, அப்பாவின் தொழில். அவரைக் கேட்காமல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ஞாயிறு காலை தம்பிக்கு முடி வெட்டி முடிந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், தமிழாக்கிச் சொல்லிச் சொல்லி. அப்பா கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"முடி வெட்டேக்க பாடினவையளோ? பொய். தலை ஆடினாக் காது போயிடும்."

"வெட்டினவை இல்லையப்பா, காத்துக்கொண்டு இருந்தவை."

"அப்ப சரி."

அம்மா அடுப்பை அணைத்தார். "சம்பந்தம் போயிடும். இவளைப் பிறகு ஆர் கேப்பினம்? தம்பிக்கும் நாளைக்கு ஆர் குடுப்பினம்? பகிடியோ இது? இந்த மூண்டு வருசமா நான் எத்தினை பேரிட்டப் பொய் சொல்லிச் சொல்லி..." அவர் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

அப்பா கத்தரியை மேசையில் வைத்தார். பிறகு, "அந்தக் கடைசி வரியைத் திருப்பி வாசி," என்றார். வாசித்தேன்.

"யாழ்ப்பாணமெண்டு மட்டும் போட்டிருக்கிறாய். எந்த ஊரெண்டும் போடு, பிள்ளை. ஊர் இல்லாட்டி அது நானெண்டு எப்பிடித் தெரியும்?"

அம்மா எழும்பி அறைக்குள் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. ஊர்ப் பெயரை எழுதும்போது பேனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

மலர் சென்ற வெள்ளிக்கிழமை அச்சாகி வந்தது. படத்தில் நான் சிரிக்கவில்லை. தமிழ்க் கடையில் யாராவது கண்டு, அந்த அன்ரியின் காதுக்கு அது எட்டும் வரை காத்திருப்பதை நினைத்தால் நித்திரை வரவில்லை. அவர்கள் விசாரிக்கட்டும் என்று ஒளிந்திருப்பதும் முன்பு சொன்ன பொய் போலத்தானே. கோயிலில் சொன்னதுபோல நான் பாடுவது தேவாரம் இல்லை, எங்கள் அடி கொழும்பும் இல்லை என்று அந்த அன்ரிக்கு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினேன். அதை மலருக்குள் வைத்து, உறையில் அவர்களுடைய இல்ஃபோர்ட் விலாசத்தை என் கையெழுத்திலேயே எழுதி, இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.