திரையில் காட்டாத தராஸ்

நான் முன்பு வேலைசெய்த ஐஸ் ஹொக்கிக் கழகத்தின் அஞ்சலி நிகழ்வுக்காகப் போன சனிக்கிழமை எசன் நகரிலிருந்து ரயிலேறிப் போனேன். புதிய அரங்கின் பெருந்திரையில், இறந்துபோன ஆட்டக்காரன் தராஸின் வாழ்வை ஓட்டினார்கள். முதற் காட்சியில் அவன் எதிரணிக்காரன் ஒருவனை முட்டியால் குத்தினான், அடுத்ததில் இன்னொருவனை. கடைசிவரை குத்திக்கொண்டேயிருந்தான். ‘வலி அறியாதவன்’ என்று எழுத்து விழ, சனம் எழுந்து கைதட்டியது. நான் எழவில்லை. முழங்கால் வருத்தம் என்று பக்கத்திலிருந்தவர் எண்ணியிருக்கலாம். எண்ணட்டும்.

யாரோ ஒருவரின் நனைந்த கையுறை மணத்தது. பழைய அரங்கின் கொதிகலன் அறையிலும் இதே மணந்தான். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த நான், ஜேர்மனிக்கு வந்து, ஐஸ் தரையின் கீறல்களை நீர் விட்டு உறையவைத்துச் செப்பனிடும் வண்டியை ஓட்டினேன்; நீர் உறைவதைப் பாடமாக எடுத்தவனுக்குப் பொருத்தமான வேலைதான். வீரர்களின் கையுறைகளை அந்த அறையில் காயப்போடுவோம். தராஸினுடையவை அவ்வளவாக நனைந்திருப்பதில்லை. களத்தில் இறங்கியதும் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்பதற்காகவே அவனைக் கனடாவிலிருந்து கொண்டுவந்தார்கள்.

அவன் உக்ரேனிய வழிவந்தவன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவனுடைய பாட்டனாரை இதே ரூர் பகுதிச் சுரங்கமொன்றுக்குக் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்தார்கள். தப்பிப் பிழைத்தவர் கனடா போனார். பேரன் திரும்பி வந்தான். அவனை அறிவிப்பாளர் ‘ரஷ்யக் கரடி’ என்றார். அவன் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்டபோது, கரடியைப் பார்க்கத்தான் சனம் வருகிறது என்று பதில் கிடைத்தது.

என்னோடு வேலைசெய்த செல்வத்திடமிருந்து ‘அண்ணை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டுக்கும் இடியப்பத்துக்கு வருவான். ஒருநாள் அவனுடைய வீங்கிய விரல்களைக் கண்டு என் மனைவி சொன்னாள்:

“தம்பி, இனி அடிபடப் போகாதேங்கோ. விளையாடத்தானே வந்தனீங்கள்?”

நான் மொழிபெயர்த்தேன். அவன் ஜேர்மனில் சொன்னதை இப்படித்தான் எனக்கு எழுத வருகிறது:

“விளையாட விடுகினமில்லை, அக்கா.”

விளையாடினான். அரங்கு திறக்குமுன், யாருமற்ற காலைகளில். பின்னோக்கிச் சறுக்கி, அரைவட்டமாகத் திரும்பி, இறப்பர் வட்டைத் தடியோடு ஒட்டவைத்ததுபோல் கொண்டுபோவான். அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு மென்மை இருந்ததைக் கழகத்தில் எவரும் வந்து பார்க்கவில்லை. தலையில் அடிபட்ட இரவுகளிலும் கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி களத்தில் இறக்கினார்கள். கடைசிக் காலத்தில் தொலைபேசியில் ‘அண்ணை’ என்பான். அதற்குமேல் நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. வலி அறியாதவனாம்.

நிகழ்வு முடிந்து, அவன் ஆடிய ஆட்டம் எங்கே என்று படத்தைத் தயாரித்த இளைஞரிடம் கேட்டேன். பணிவாகத்தான் பதில் சொன்னார்: சேமிப்பில் சண்டைகள் மட்டுமே இருக்கின்றனவாம்.

பழைய அரங்கு இருந்த இடம் இன்று ஒரு தளபாடக் கடையின் வாகனத் தரிப்பிடம். அன்று அங்கே காலைகளில் அவன் ஆடி முடித்ததும் நான் வண்டியை இறக்குவேன். வேலியில் சாய்ந்து நின்று,

“அழியுங்கோ அண்ணை, நாளைக்கு வேற கீறுறன்” என்பான்.

அவனுடைய சறுக்குக் காலணிகள் ஐஸில் கீறிய அந்தக் கோடுகளைத் தவிர அவனுடைய ஆட்டம் வேறெங்கும் பதிவாகவில்லை. அவற்றின் மேல் நான் வெந்நீர் பரப்பிக்கொண்டு போவேன்.