ஆசனத்துக்கடியில் ஒரு பை

யுத்த காலம். கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு, நான் படிப்பித்த பாடசாலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வெளியே ஒரே மூடுபனி. பஸ் மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது. சாப்பிட்டு முடித்து, வாழைப்பழத் தோலையும் சோறு சுற்றிய கடதாசியையும் ஒரு பையில் போட்டு முடிச்சிட்டு, ஆசனத்துக்கடியில் தள்ளிவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

தெல்தெனிய தாண்டியதும் சோதனைச்சாவடி. எல்லோரும் எங்கள் பைகளுடன் இறங்கினோம். பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் சட்டென்று வெளியே வந்து, கீழே கிடக்கும் பை யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். குண்டோ என்று சனங்கள் பின்வாங்கிப் பனிக்குள் கரைந்தார்கள். யாழ்ப்பாண விலாசம் போட்ட என் அடையாள அட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். நான் வாயே திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் என்மேல் கோபம் வருகிறது.

பஸ்ஸில் என் பக்கத்து ஆசனத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் முன்னால் போனாள். தன்னுடையது என்று சிங்களத்தில் சொல்லி, பையை எடுத்து வந்து துப்பாக்கிக்கு முன்னால் அவிழ்த்துக் காட்டினாள்.

பஸ் புறப்பட்டதும் அதை என் மடியில் வைத்தாள்.

"நீங்க சாப்பிட்டதப் பாத்தேன் டீச்சர். பயந்துட்டீங்க போல."

"ஓம்," என்றேன்.

"குப்பைதானே. வீட்டுக்கே கொண்டு போயிருங்க."

ஒரு வளைவில் இறங்கிப் பனிக்குள் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது பயணங்களில் சாப்பாட்டுப் பெட்டிதான், கடதாசி இல்லை. பழத்தோலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வீடு வரும். நல்ல பழக்கம் என்கிறார்கள். தோலைக் குப்பை வாளியில் கொட்டும்போது, அன்று சொல்லாததை மெல்லச் சொல்லிக்கொள்கிறேன்: இது என்னுடையது.