ஊறல் பந்தலும் ஆள்காட்டி முட்டையும்

கடல் தாண்டாமல் தீவுக்குப் போய் வந்தவள் நான். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வரை நடை, அப்புறம் கணுக்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான் பயணம். அறுபதுகளின் கடைசியில் பாலாறு கோடையிலும் முழுக்க வற்றிவிடாது. பங்குனி முடியும்போது இரண்டு மெல்லிய ஓடைகளாகப் பிரிந்து ஓடும். நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு மிஞ்சும். என் கணவர் அதைத் தீவு என்றுதான் சொல்வார். ஊரில் மற்ற மனிதர்கள் பெண்டாட்டியை சினிமாவுக்கு அழைத்துப்போனார்கள். இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னை எழுப்பி, தயிர் சாதம் கட்டச் சொல்லி, ஆற்று மணலுக்கு அழைத்துப்போனார்.

அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பேச்சு குறைவு. குரல் உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அந்தக் குறை தெரியாமல் மருமகள் பார்த்துக்கொள்கிறாள் என்று என் மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான். திட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே நடப்பேன். மணல் சுடப்போகிறது, நெருஞ்சி குத்துகிறது, வீட்டில் ஊறுகாய் வெயிலில் இருக்கிறது, காக்கை வாய் வைத்தால் யார் கேட்பது என்று. அவர் ஒரு ‘உம்’ கொட்டுவார், நடப்பார்.

ஆனால் திட்டில் ஏறிவிட்டால் எனக்கும் புலம்பல் நின்றுபோகும். அதை அப்போது அவரிடம் ஒத்துக்கொண்டிருப்பேனா, என்ன? எருக்கஞ்செடிகள் பூத்துக் குலுங்கும். இலையின் அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழுக்கள் மென்றுகொண்டிருக்கும். மணலோடு ஒட்டி விஷ்ணுகிராந்தி நீலப் புள்ளிகளாகப் பூத்திருக்கும். கரையில் மண் சரிந்த இடத்தில் பஞ்சுருட்டான் குருவிகள் வளை தோண்டி, உள்ளே போவதும் தும்பி பிடித்து வருவதுமாக இருக்கும். ஒருமுறை ஒரு கீரி பின்னங்காலில் எழுந்து நின்று, எங்கள் தயிர் சாத மூட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனது.

ஒரு நாள் தரையோடு படர்ந்த ஒரு பச்சைக் கொடியைக் காட்டினார். மிளகளவில் வெள்ளைப் பூ.

“பொடுதலை. எவ்வளவு வெயில் அடிச்சாலும் அடியில ஈரம் இருக்கிற இடமா பார்த்துத்தான் இப்படிப் பச்சையா படரும்.”

“இதுக்கும் ஒரு பேரா? போறுமே. வெயில் ஏறிண்டிருக்கு, வாங்கோ” என்றேன்.

அவருக்கு உயிர் என்றால் ஆள்காட்டிதான். மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை. மனிதத் தலையைக் கண்டால் ஊரைக் கூட்டும் பறவை. கூடு என்று எதுவும் கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அதில் கல் நிறத்திலேயே நான்கு முட்டை. பக்கத்தில் நின்றால்கூட நமக்குத் தெரியாது. உச்சி வெயிலில் தாய் ஓடைக்கு ஓடி, வயிற்றுச் சிறகை நன்றாகத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சூட்டில் முட்டை வெந்துபோகாமல் இருக்க அப்படி ஒரு வழி. அதை முதன்முதலில் பார்த்த அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி ஐந்தாறு வருஷத்தில் வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் பெருமாள் பாலாற்றுக்கு எழுந்தருளுவார். ஆற்று மணலில் பள்ளம் தோண்டி, தண்ணீர் ஊறிய பிறகு அதன்மேல் பந்தல் போட்டு, அங்கே பெருமாளை எழுந்தருளப்பண்ணுவார்கள். அதற்கு ஊறல் என்று பெயர். ஊரே ஆற்றில் இறங்கிவிடும். ஒரு வருஷம் அந்தக் கூட்டம் போன மறுநாள் நாங்கள் திட்டுக்குப் போனோம். முட்டை இருந்த இடத்தில் காய்ந்த மஞ்சள் கருவும் எறும்பும்தான் இருந்தன. ஜோடி இரண்டும் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கட்டிக்கொண்டு போன தயிர் சாதத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னத்துக்கு இந்தப் பாசம் என்று எனக்குக் கோபமாக வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

அதனால் அடுத்த வருஷம் முட்டையைக் கண்டுபிடித்த அன்றே முடிவு செய்துவிட்டார். யாரும் மிதிக்கக்கூடாது. ஒரு குச்சியை ஒடித்துக் கூட்டுக்குப் பக்கத்தில் நட்டார். தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே என்று, சாதம் கட்டிவந்த மஞ்சள் பையின் காதைக் கிழித்துக் குச்சியில் கட்டினார். என் அண்ணன் கல்யாணத்துத் தாம்பூலப் பை அது. “நன்னா இருக்கு, பை போச்சு” என்றேன். அவர் குச்சியைத் தள்ளி நின்று ஒரு பக்கம் தலை சாய்த்துப் பார்த்து, திருப்தியாகச் சிரித்தார்.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. இருவருமாகப் போனோம். ஓடையைத் தாண்டும்போதே ஆள்காட்டிகளின் அலறல் கேட்டது. திட்டின்மேல் சவுக்குக் கழிகளும் கீற்றும் இறக்கியிருந்தார்கள். எங்கள் குச்சியை நடுவில் வைத்து நாலு மூலைக்கும் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள் பந்தல் ஆட்கள். ஒருவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

“நிறுத்து!” என்று ஒரு சத்தம். யார் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான்.

மண்வெட்டி நின்றது. பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டவர் செவிலிமேட்டு விவசாயி, கரையோரம் வேர்க்கடலை போடுகிறவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா சாமி, இன்னா ஆச்சு?”

“இங்க முட்டை இருக்கு. அதுக்குத்தான் குச்சி நட்டு வெச்சேன்.”

“நீங்க நட்டதா?” அவர் வாயைப் பிளந்தார். “நல்லா இருக்குது போ! ஊறல் எடுக்கிற எடத்துல குச்சி நட்டு மஞ்சத் துணி கட்டறது தானே சாமி எங்க ஊரு வழக்கம்? கோயில்லேர்ந்து யாரோ வந்து எடம் பாத்துட்டுப் போயிருக்காங்கன்னு நாங்க நேரா இங்க வந்துட்டோம்.”

பெருமாள் பந்தலில் வந்து உட்கார்ந்த பிறகு போய்ச் சேவிக்கிறவர்கள் நாங்கள். அந்த இடத்தை யார், எப்படிக் குறிக்கிறார்கள் என்று சின்னக் காஞ்சிபுரத்தில் எங்களுக்கு என்ன தெரியும்? முட்டையைக் காப்பாற்ற நட்ட குச்சியே மண்வெட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. என் கணவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“சரி, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்கோளேன்” என்றேன் நான்.

“போடலாம்மா. எனக்கு இன்னா? ஆனா தண்ணி ஊறணுமே. ஊறாத எடத்துல பந்தல் போட்டா பெரியவங்க எங்களைச் சும்மா வுடுவாங்களா? வெயில் ஏறதுக்குள்ள பள்ளம் எடுத்தாவணும். எங்க ஊறும்னு நீங்க சொல்லுங்க, அங்க வெட்டறோம்.”

என் கணவர் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார். பென்சில் பிடித்த கை. வெட்டினார், வெட்டினார், காய்ந்த மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. தள்ளிப் போய் நாணல் ஓரமாக வெட்டினார். வேர்தான் வந்தது. ஆட்கள் பாவம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. தாய்ப்பறவை முட்டைக்கும் வரமாட்டாமல், எங்களை விட்டும் போகமாட்டாமல் மேலே அலறிக்கொண்டிருந்தது. வெறும் வெயிலில் அந்த முட்டைகள் எத்தனை நேரம் தாங்கும்?

அப்போதுதான் என் கண்ணில் பட்டது அந்தப் பச்சை. கூட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், தரையோடு தரையாக, மிளகளவு வெள்ளைப் பூவோடு.

“ஏன்னா! அங்க பாருங்கோ, பொடுதலை! அடியில ஈரம் இருந்தாத்தானே வரும்னு சொன்னேளே!”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா, இல்லை அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருந்ததே என்று திகைத்தாரா தெரியவில்லை. நான் காத்திருக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கொடியை விலக்கி, கையாலேயே மணலை அள்ளிப் போட ஆரம்பித்தேன். செவிலிமேட்டுக்காரரும் மண்வெட்டியோடு ஓடிவந்தார். முழங்கால் ஆழம் போவதற்குள் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் பக்கங்களிலிருந்து தண்ணீர் கசிந்து, கலங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது.

“ஊறிடுச்சும்மா!” என்று அவர் கத்தினார். கழிகளையும் கீற்றையும் இங்கே தூக்கி வந்தார்கள். ஒருவர் கரைக்குப் போய் வேலிமுள் வெட்டிவந்து, பறவை போய்வர வழி விட்டு, கூட்டைச் சுற்றிப் போட்டார். பிறகு எல்லோருமாக ஓடையோரம் ஒதுங்கி உட்கார்ந்தோம்.

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஆள்காட்டி இறங்கியது. கூட்டுக்குப் போகவில்லை. தலையை ஆட்டி ஆட்டி நேராகப் பெருமாளுக்கு வெட்டிய பள்ளத்தை நோக்கி நடந்தது. உள்ளே இறங்கி வயிற்றை அமுக்கி, சிறகை உதறி உதறி நனைத்தது.

“அய்யய்யே, சாமித் தண்ணி!” என்று செவிலிமேட்டுக்காரர் துண்டை வீச எழுந்தார்.

ஊறுகாய் ஜாடியைக் காக்கை தொட்டால் ஜாடியையே தூர எறிகிறவள் நான். மடி, ஆசாரம் என்று வீட்டை இரண்டாக்குகிறவள். “விடுப்பா. அவ நனைச்சுண்டு போகட்டும். பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டார்” என்றேன்.

பறவை சொட்டச் சொட்ட ஓடி, முட்களுக்கு நடுவே நுழைந்து, முட்டைகளின்மேல் உட்கார்ந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் போனோம். திட்டெங்கும் பூவும் தொன்னையும் காலடித் தடமும். முள்வேலி கலையவில்லை. உள்ளே அது உட்கார்ந்திருந்தது, எங்களைக் கண்டதும் வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தது. அவர் ஓடையில் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தயிர் சாதம் போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்புறம் என் பங்கையும் கேட்டார். அன்று நான் வெறும் மாவடுவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் சாப்பிட்டதே இல்லை.