ஆறு மணி பஸ்

வேகமாக வளரும் மாநிலத்தில் பொருளாதார ஆய்வாளராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு தெருவைப் பற்றி நாம் எழுதி முடிப்பதற்குள் அந்தத் தெருவின் தலைக்கு மேல் மேம்பாலம் வந்துவிடும். கொண்டாப்பூர் வாடகை வீடுகளைப் பற்றி நான் எழுதிய முதல் அறிக்கை அச்சாகி வந்தபோது, அட்டைப் படத்தில் இருந்த வீட்டை இடித்து அங்கே அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். அதனால் ஹைதராபாத்தில் எங்கள் நிறுவனத்துக்கு எப்போதும் அவசரம். அந்த அவசரம் முழுவதும் சுருக்குவதில்தான் போகும்.

எங்கள் இயக்குநர் கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாமல்தான் திட்டுவார். அதிகாரிகளுக்குப் படிக்க நேரமில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எந்த ஆய்வும் முதலில் தலையணை கனத்தில் எழுதப்படும். பிறகு இருபது பக்கமாகும், நான்காகும், ஒன்றாகும். கடைசியில் போனில் அனுப்பக்கூடிய ஐந்து வரியாகும். அந்த ஐந்து வரிதான் அரசாங்கத்துக்குள் போகும், மற்றதெல்லாம் அலமாரிக்குள் போகும்.

ஜீடிமெட்லா ஆய்வும் அப்படித்தான் போனது. அங்கே மருந்துத் தொழிற்சாலைகளில் சேரும் பெண்கள் ஏன் சீக்கிரமே வேலையை விட்டுவிடுகிறார்கள் என்பது கேள்வி. கருத்தரங்குகளில் இதற்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். நேரில் போய்க் கேட்டபோது கிடைத்த பதில், வீட்டுக்குப் போக பஸ் இல்லை என்பதுதான். பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இலவசம். ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது.

எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் இருந்தது. மாரெட்பள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் இருக்கிறது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசிகள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும் இரண்டாம் ஷிப்ட். தினமும் அவளுடைய அண்ணன்தான் ஸ்கூட்டரில் போய்க் கூட்டி வருவார். அந்த அண்ணனுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது.

“அண்ணன் போயிட்டா வேலைய வுட்டுருன்னு மம்மி சொல்றாங்க அக்கா,” என்றாள் ஒரு நாள் படிக்கட்டில் நின்றுகொண்டு. “செகண்ட் ஷிப்ட்ல மாத்திரை அடிக்கிற மெஷின் பூரா என் கையில இருக்கு. அடுத்து சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க. இப்போ போய் கைக்கு வுடணும், ஏன் வுடணும்? உங்க ரிப்போர்ட் எப்போ முடியும்?”

என் அறிக்கை ஒன்றுக்காக யாரோ காத்திருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராப்பகலாக எழுதினேன்.

அறிக்கையில் ஒரு படம் போட்டிருந்தேன். பெண்கள் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தைக் காட்டும் படம். காலை ஷிப்ட் முடியும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு குன்று, இரவு பத்து மணிக்கு ஏறக்குறைய அதே உயரத்தில் இன்னொரு குன்று, நடுவே வெறும் பொட்டல். சின்னக் குழந்தைகூடப் பார்த்துப் புரிந்துகொள்ளும். இருபது பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. நான்கு பக்கத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தது. ஒரு பக்கத்தில் அதற்கு இடமில்லை. ஐந்து வரிக்காக இயக்குநர் அறையில் கூடினோம்.

“ரெண்டு மணி, பத்து மணின்னு ரெண்டு நேரம் சொன்னா அவங்க கொழம்பிப் போயிருவாங்கங்க,” என்றார். “ஒரே நம்பரா குடுத்துருங்க.”

எங்கள் தொழிலில் ஒரே எண் கேட்டால் கை தானாகப் போகிற இடம் ஒன்றுதான். சராசரி. இரண்டுக்கும் பத்துக்கும் நடுவே, மாலை ஆறு. ‘பெண் தொழிலாளர்கள் சராசரியாக மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து கிளம்புகிறார்கள்’ என்று எழுதியாயிற்று. அறையில் இருந்த அத்தனை பேரும் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். அத்தனை பேரும் அந்த வரியைப் படித்தோம். கணக்கு சரியாக இருந்தது. ஒருவர் மட்டும் ஒரு கமாவைத் தள்ளிப் போடச் சொன்னார்.

எங்கள் ஆய்வு எதற்கும் இல்லாத வேகத்தில் துறை இதற்கு அசைந்தது. பெண்களுக்கென்று தனி பஸ், ஜீடிமெட்லாவிலிருந்து செகந்திராபாத் வரை. சாமந்தி மாலை போட்டு விட்டார்களாம். சேதி கேட்டு கீழ்வீட்டு அம்மா ஒரு டப்பா நிறைய டபுள்-கா-மீட்டா என்ற ரொட்டி இனிப்பு செய்து அனுப்பினார். டப்பாவை நான் காலி செய்த பிறகுதான் அந்தப் பெண் தயங்கித் தயங்கி மேலே வந்தாள்.

“பஸ்ஸு ஆறு மணிக்காம் அக்கா. ஆறு மணிக்கு நான் உள்ள இருப்பேனே.”

மறுநாள் ஜீடிமெட்லாவுக்கே போனேன். மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைக் கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. புத்தம் புது பஸ் வந்து நின்றது. டிரைவர் கொட்டாவி விட்டார். கண்டக்டர் அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். பஸ் விட்ட நாளிலிருந்து ஏறிய முதல் பயணி நான்தானாம். ஜன்னலோரம் உட்கார வைத்து ஊர் நியாயம் எல்லாம் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார். ஆய்வின் முழுப் பயனையும் அன்று நான் ஒருத்தியே அனுபவித்தேன்.

அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு நேராகத் துறை அதிகாரியிடம் போனேன். நல்ல மனிதர். படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “இந்த நடுப்பகுதியில் ஒன்றுமே இல்லையே?” என்று தெலுங்கில் கேட்டார். “ஆமாம் சார், அங்கேதான் பஸ் விட்டிருக்கிறோம்,” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நேரத்தை மாற்றிவிடலாம் என்று கோப்பு போடச் சொன்னார்.

கோப்பு மெல்ல நடந்தது. அண்ணன் புனேக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பெண் ஷேர் ஆட்டோவில் மாறி மாறி வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேரும்வரை அவள் அம்மா வாசல் கதவைச் சாத்துவதில்லை. இதற்கிடையில், காலி பஸ்ஸைப் பார்த்த யாரோ, அரசு தந்த வசதியை உங்கள் பெண்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று தொழிற்சாலைகளைக் கேட்டுவிட்டார்கள். தொழிற்சாலைக்காரர்களால் பஸ்ஸை மாற்ற முடியாது, பெண்களை மாற்ற முடியும். பஸ் வேண்டும் என்ற பெண்களை எல்லாம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரையிலான பகல் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். பஸ் நிரம்பி வழிந்தது.

அந்தச் சமயம் பார்த்து, தற்போதைய நிலை என்ன என்று கேட்டு எங்கள் கோப்பு திரும்பி வந்தது. ஆட்களை அனுப்பிப் பார்த்தோம். பெண்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தீங்களாங்க?” இயக்குநருக்கு முகமெல்லாம் பல். “ஆறு மணின்னு நாம சொன்னதுதானுங்க சரி.”

இத்தனை துல்லியமாகப் பலித்த கணிப்பு எங்கள் நிறுவனத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. இதை விடக்கூடாது, இரண்டு மணிக்கும் பத்து மணிக்கும் பஸ் கேட்டு மறுப்பு எழுதியே தீருவது என்று முடிவு செய்துகொண்டு, கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கக் கீழே போனேன்.

அப்போதுதான் வந்திருந்தாள். ஏழு மணிக்கெல்லாம் மகள் வீட்டில் இருப்பதில் அம்மாவுக்கு நிம்மதி. சமையலறையில் அவர் பாடுவதுகூடக் கேட்டது. புது வேலை எப்படி என்று கேட்டேன்.

“பகல்ல மெஷினுக்கு வேற ஆளு இருக்காங்க அக்கா. நான் டப்பாவுக்கு லேபில் ஒட்டுறேன். சூப்பர்வைசர் பேச்சே இப்போ இல்ல.”

“அதை விடும்மா. நான் மறுபடியும் எழுதறேன். பத்து மணிக்கு பஸ் வர வச்சு, உன்னை அந்த மெஷின்கிட்டயே திரும்ப அனுப்பறேன்,” என்றேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நக்கோ அக்கா, வேணாம். நீங்க நல்லதுக்குத்தான் செய்வீங்க, எனக்குத் தெரியும். ஒரு ரிப்போர்ட்டுக்கு மெஷின் போச்சு. இன்னொண்ணு எழுதினீங்கன்னா இருக்குற பஸ்ஸும் போயிரும்.”

சொல்லிவிட்டு, நான் நிஜமாகவே எழுதிவிடுவேனோ என்ற பயத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.