மிச்சமான மூன்று துண்டுகள்

எங்கள் கவரைப்பேட்டை வீட்டுச் சாமி அலமாரியில், விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தைல டப்பி இருக்கிறது. அதற்குள் சிவப்பில் ஒன்றும் கறுப்பில் இரண்டுமாக மூன்று பிளாஸ்டிக் துண்டுகள். மூன்றும் சேர்ந்தால்கூட ஒரு கொண்டைக்கடலை அளவு வராது. வீட்டுக்கு வருபவர்கள் இது என்ன என்று கேட்டால் அம்மா, "இவ நைனாவையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அம்மா பிரசவத்துக்காக ஊத்துக்கோட்டைக்குப் போனாள். படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று என்னைக் கவரைப்பேட்டையில் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், விட்டுவிட்டாள். நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மெஷின் பூட்டுகிற பிட்டர். மெஷினிடம் நாள் முழுக்கப் பேசுவார், என்னிடம் பேச அவருக்கு இரண்டே வார்த்தைதான்: "சாப்ட்டியா?", "தூங்கு." பொழுது சாய்ந்தால் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிடும், அழுவேன். அவர் எதிரே உட்கார்ந்து விரல் நெட்டியை முறித்துக்கொண்டிருப்பார். பாவம், வேறு என்ன செய்வார்?

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்த மாமா ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திச் செய்கிற சிவப்பு டிராகன். ஞாயிற்றுக்கிழமை நைனா தரையில் பேப்பரை விரித்தார். இறக்கைக்கு ஒரு தட்டு, வாலுக்கு ஒரு கிண்ணம், பல்லுக்கு ஒரு மூடி என்று வீட்டுப் பாத்திரமெல்லாம் தரைக்கு வந்தது. நான் படம் பார்த்துத் துண்டை எடுத்துக் கொடுக்க, அவர் பொருத்தினார். மத்தியானத்துக்குள் டிராகன் வாயைப் பிளந்து நின்றது. நான் குதித்தேன். நைனா குதிக்கவில்லை. தட்டில் மூன்று துண்டுகள் மிச்சமிருந்தன.

"பூட்டி முடிச்சப்புறம் கையில மிச்சம் கீதுன்னா எங்கியோ தப்பு பண்ணிக்கீறோம். கழட்டு" என்றார்.

நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அசைந்து கொடுக்கவில்லை மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பூட்டினோம், மறுபடியும் மூன்று மிச்சம். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான். இதற்குள் எனக்கும் பிட்டர் திமிர் வந்துவிட்டது. "நைனா, காலு சரியா உக்காரல" என்று அதட்டுவேன். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் விளையாட்டு. நாற்காலிதான் ஆந்திர எல்லையில் லாரிகளை மறிக்கிற எளாவூர் செக்போஸ்ட். டிராகன் பறந்து வரும், நைனா கையை நீட்டி மறிப்பார். "இன்னா லோடு? பர்மிட்டு கீதா?" நெருப்புதான் லோடு என்பேன். "நெருப்ப மூடாம எடுத்துகினு போறியா? ஓரங்கட்டு வண்டிய" என்பார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிடும். பொழுது சாய்ந்தது கூடத் தெரியாது.

தங்கையோடு அம்மா திரும்பி வந்ததும், கழற்றிய டிராகன் பெட்டியோடு பரணுக்கும் மிச்சமான மூன்றும் தைல டப்பிக்கும் போயின. தப்பைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிட்டோமே என்று வெகுநாள் எனக்கு மனசு ஆறவில்லை. கல்லூரியில் ஒரு தோழிதான், தொலைந்தால் உதவட்டும் என்று சின்னத் துண்டுகளை அதிகமாகவே போட்டு அனுப்புவார்கள் என்று சொன்னாள். ஓடிவந்து நைனாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"புது மெஷினு வந்தாலே ஸ்பேர ஒரு கவர்ல போட்டு அனுப்பறான். இது தெரியாமயா நான் பிட்டரா கீறேன்? டிராகன் முடிஞ்சிட்ச்சுன்னா நீ அம்மா வேணும்னு அழுவ. உன்னாண்ட இன்னா பேசறதுன்னு எனக்குத் தெர்லமா."

அன்று நான் அவர் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். இப்படி ஒரு பொய்க்காரர் எனக்கு அப்பாவாக வாய்த்தாரே என்று இன்றும் பெருமைதான்.

இப்போது தங்கைக்குப் பெங்களூரில் பிரசவம். அம்மா அங்கே போய்விட்டாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நைனா வீட்டில் தனியாக இருக்கிறார். போனில் நான் கேட்பதும் அதே "சாப்ட்டியா நைனா?"தான், அதற்கு மேல் என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக்குப் போய்ப் பரணிலிருந்து டிராகனை இறக்கினேன். இந்த முறை அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார், நான் பொருத்தினேன். தைல டப்பியையும் திறந்து தட்டில் கொட்டியிருந்தோம். டிராகன் நின்றது. நைனா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரயிலுக்கு டைம் ஆவுது, கெளம்புமா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

தட்டிலிருந்த மூன்று துண்டுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"மிச்சம் கீது நைனா. எங்கியோ தப்பு பண்ணிக்கீறோம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பேப்பரை இன்னும் கொஞ்சம் விரித்து, டிராகனின் வாலைக் கழற்ற ஆரம்பித்தார்.