பெரணித் தொட்டிகளும் என் மோஸ்தரும்

இன்று காலை என் கொழுந்தனார் மகன் வந்திருந்தான். வராந்தாவில் இருக்கும் பெரணிச் செடித் தொட்டிகளையும், கான்வென்ட்டில் கற்று நான் பின்னிய ஜன்னல் திரைகளையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஏனுங்க பெரியம்மா, இந்தப் பழைய மோஸ்தரெல்லாம் இப்ப யாருங்க வெக்கறாங்க? ஊட்ட எனக்கு எழுதிக் குடுத்துட்டு எங்களோட வந்துருங்க. முன்னாடி லாரி செட்டு போட்டா நல்ல வாடகை வருமுங்க."

"என் ஊட்டுல என் மோஸ்தர்தான், தம்பி."

ஆறு தொட்டிகளில் இரண்டு இந்த வாரம் கருகிவிட்டன. அவற்றைக் காட்டிச் சிரித்தான்.

"மீதி நாலும் போயிரும் பாருங்க. அப்பறம் நீங்களே வருவீங்க."

அவன் போனதும் கருகிய தொட்டியின் மண்ணைக் கிள்ளி முகர்ந்தேன். மண்ணெண்ணெய்.

யுத்தம் வந்ததிலிருந்து ஒரு புட்டி மண்ணெண்ணெய்க்கு எங்கள் அஸ்தம்பட்டியே வரிசையில் நிற்கிறது. நானும் பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

நல்ல தொட்டிகளை என் படுக்கையறைக்குள் வைத்துவிட்டேன். திரைகளைக் கழற்றவில்லை. துணி சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்தும், அவனுக்குப் பயந்து கழற்றுவதாக இல்லை.

செடிக்கு ஊற்றும் அளவுக்கு மண்ணெண்ணெய் யார் வீட்டில் மிஞ்சுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் விளக்குக்கும் கொஞ்சம் வேண்டும். இனி இரவில் அதை அணைப்பதாக இல்லை.